ஆண்டறிக்கைக்குள் வைத்த டி.சி.

விருதுநகர்,
19.9.2025, வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பு மகள் ஹாஃபிஸாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அம்மாவும் உன் அண்ணன் அசாருதீனும் சுகம், சண்டிகரில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். சுகம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதினேன். உன் அம்மா என்னோடு பேசி இன்றோடு எட்டு நாள் ஆகிறது, அதைச் சேர்க்காமல் பார்த்தால் சுகம்தான். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், கேள்வி கேட்டால் நான் பொய் சொல்வேன், இந்தப் பத்து நாளில் அதுதான் நடந்திருக்கிறது. தாளில் எழுதினால் குறுக்கே பேச ஆள் கிடையாது. அதுவும் போக, நீ கேட்டுக்கொண்டே இருந்த உன் டி.சி. இந்தக் கவருக்குள்தான் வருகிறது. அதைத் தனியாக அனுப்பினால் பார்த்ததும் நீ பயந்துவிடுவாய். ஏன் இப்படி இருக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் கூட வர வேண்டும், என்னால் வர முடியாது, அதனால் கடிதம் வருகிறது.

முதலில் வீட்டுச் செய்தி. அசாருதீனுக்குத் திருத்தங்கல் பிரஸ்ஸில் இரண்டு ஷிப்டு ஓடுகிறது, அடுத்த வருஷத்துக் காலண்டர் எல்லாம் இப்போதே அச்சாகிறது, அவன் இந்த வருஷத்தை மறந்து இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் கரண்ட் ஆபீசுக்கு ஒரு மனு எழுதி அதில் 2026 என்று தேதி போட்டுவிட்டான், அடுத்த வருஷம் வாங்க தம்பி என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆமத்தூர் குடோனில் ஒழுகிக்கொண்டிருந்த கிழக்குப் பக்கத் தகரத்தை மாற்றியாயிற்று. அதை ஜூன் மாதமே நீ சொன்னபோதே மாற்றியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது, அது எப்படி என்று பின்னால் வருகிறது. உன் அம்மா பேசுவதில்லை என்றாலும் வீட்டு நிர்வாகம் நிற்கவில்லை. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறாள். உப்பு இல்லை, வாங்கி வரவும். குழாயில் தண்ணீர் வருகிறது, மோட்டார் போடவும். வாசலில் ஆள். இதுவரை இருபத்து மூன்று சீட்டு வந்திருக்கிறது. தூக்கிப் போட மனசில்லாமல் ஒரு கம்பியில் குத்தி வைத்திருக்கிறேன், புத்தகத்துக்குப் போடுவதுபோல் இதற்கெல்லாம் உங்கள் நூலகப் படிப்பில் ஏதாவது நம்பர் இருக்கிறதா என்று தெரியவில்லை.

உன் படிப்பைப் பற்றியும் எல்லாம் தெரியும். நீ அம்மாவிடம் பேசுவதை நான் ஒட்டுக் கேட்பதில்லை, அவள் போன் ஸ்பீக்கர் போடாமலே தெருக்கோடி வரை கேட்கும். காலையில் வகுப்பு, மத்தியானம் இரண்டு மணி நேரம் நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை, மூன்று வேளையும் ரொட்டி, கூட இருக்கும் மணிப்பூர்ப் பெண் பெட்டிக்குள் கருவாடு வைத்திருப்பது வார்டனுக்குத் தெரியாது, நம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் ஒவ்வொருவரையும் எழுப்பி ஏன் இந்தப் படிப்புக்கு வந்தீர்கள் என்று கேட்டார்களாம், எங்கள் அத்தா புத்தகத்தை எடைக்கு வாங்கி எடைக்கு விற்பவர், அதனால் வந்தேன் என்று நீ சொன்னாயாம், வகுப்பே சிரித்ததாம். என்னிடம் நீ அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபித்திருக்க மாட்டேன். எடைக்கு விற்பது உண்மைதானே. தராசு சரியான தராசு என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். யாரும் தொடாத புத்தகத்தை நூலகத்திலிருந்து எப்படிக் கழிப்பது என்று ஒரு பாடமே இருக்கிறதாம், அதற்குப் பரீட்சையும் உண்டாம். முப்பது வருஷமாக நான் அதைத்தான் செய்கிறேன், ஒருத்தரும் பட்டம் கொடுக்கவில்லை. கழித்ததை அந்த ஊரில் யார் எடுக்கிறார்கள் என்று மட்டும் விசாரித்து வை. முதல் வாரத்தில் நீ ஒரு புத்தகத்தை வேறு அடுக்கில் செருகிவிட்டு, இடம் மாறி வைத்த புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம் என்று உங்கள் மேடத்திடம் பேச்சு வாங்கியதையும் கேட்டேன். அன்றைக்குச் சிரித்தேன். ஒரு புத்தகம் எங்கே போய்விடும், அந்தக் கட்டிடத்துக்குள்தானே இருக்கும் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அப்போது அவள் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாரம் நீ அழுதுகொண்டே, திரும்பி வந்துவிடவா அம்மா என்று கேட்டதும் என் காதில் விழுந்தது. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

இப்போது டி.சி. செப்டம்பர் எட்டாம் தேதி திங்கட்கிழமை உன் கல்லூரி ஆபீசுக்குப் போய் நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கிளார்க் முனியராஜ் நல்ல மனுஷர், தாளை என் கையில் கொடுக்கும்போதே, பத்திரம் பாய், முப்பதாம் தேதிக்குள்ள அங்கன ஒரிஜினலக் குடுக்கலைன்னா அட்மிஷன ரத்து பண்ணிருவாக, குடுத்துட்டா அது அவுக பைலுக்குள்ள போயிரும், திருப்பித் தரமாட்டாக, அதனால ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கோங்க என்றார். நாளைக்கு எடுக்கலாம் என்று நினைத்தேன். பேப்பர் வியாபாரிக்கு ஜெராக்ஸ் மேல் எப்போதுமே ஒரு இளக்காரம் உண்டு, ஒரே விஷயத்துக்கு இரண்டு தாள் எதற்கு என்று. அங்கிருந்து நேராக ஆமத்தூர் குடோனுக்குப் போனேன், லோடு ஏற்ற வேண்டியிருந்தது. டி.சி.யை மேஜையில் வைத்தால் பறக்கும், டிராயரில் எலி, சட்டைப் பையில் வைத்தால் மடங்கும். நம் குடோனில் இதுவரை இரண்டு முறை திருட்டுப் போயிருக்கிறது, ஒரு தடவை எடைக்கல், ஒரு தடவை மின்விசிறி. முப்பது வருஷத்தில் எந்தத் திருடனும் ஒரு புத்தகத்தைத் திறந்து பார்த்ததில்லை. அதனால் புத்தகத்துக்குள் வைப்பதுதான் பாதுகாப்பு என்று முடிவு செய்தேன். இப்போதும் அந்த முடிவில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீ ஜூன் மாதம் முழுக்க உட்கார்ந்து, இது விற்கக் கூடாது இது விற்கக் கூடாது என்று பொறுக்கி எடுத்து, நோட்டில் நம்பர் போட்டு எழுதி ஒரு ராக்கில் அடுக்கினாயே இருநூற்றுப் பதினான்கு புத்தகம், அதில் இருப்பதிலேயே கனமான ஒன்றை எடுத்து, நடுவில் மடிக்காமல் வைத்து, பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். புத்தகத்தின் பெயர் பார்க்கவில்லை. நான் எந்தப் புத்தகத்துக்கும் பெயர் பார்ப்பதில்லை என்பது உனக்குத் தெரியும்.

புதன்கிழமை விஸ்வநத்தம் மாரிசாமியின் பட்டறைக்கு லோடு. அவருக்கு நாம் பதினைந்து வருஷமாகப் பழைய பேப்பர் கொடுக்கிறோம், வெடிக்கான காகிதக் குழாய் சுருட்டுகிற பட்டறை, மருந்து கிடையாது, வெறும் தாளும் பசையும்தான், நீ பயப்பட வேண்டாம். தீபாவளிக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது, இந்த சீசனின் கடைசி ஆர்டர், உடனே வேண்டும் என்று காலையிலிருந்தே போன். செந்தூர்பாண்டி மினி லாரியைக் கொண்டு வந்தபோது லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. கிளம்பும்போது அவரிடம், தூணுக்கு மேற்கே இருக்கிறது எல்லாம் லோடு, கிழக்கே இருக்கிறதைத் தொடாதே என்று சொன்னேன். முப்பது வருஷமாக ஒவ்வொரு டிரைவரிடமும் இதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சொல்லும்போது நான் யோசிப்பதுகூட இல்லை. கிழக்கே தகரம் ஒழுகுகிறது என்று ஜூன் மாதம் உன் ராக்கைத் தூக்கி மேற்கே வைத்தோமே, ஒரு பக்கத்தைத் தூக்கியது நான்தான். தொழுதுவிட்டு வந்தபோது லாரி போயிருந்தது, நானும் கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டி.சி.யை எடுத்து உனக்கு அனுப்பலாம் என்று போனால் ராக் நின்றுகொண்டிருந்தது, அதில் ஒரு புத்தகம்கூட இல்லை. செந்தூர்பாண்டிக்குப் போன் போட்டுக் கேட்டேன். பாய் சொன்னதத்தானே ஏத்துனேன், ராக்கையும் ஏத்தவான்னு கேக்க நெனச்சேன், நீங்க தொழப் போயிட்டீக என்றார். அவர் மேல் தப்பு இல்லை. அன்றைக்கே விஸ்வநத்தம் போயிருப்பேன், பைக் பஞ்சராகிவிட்டது, முடியவில்லை.

அன்று சாயங்காலம் நீ போன் செய்து டி.சி. அனுப்பியாச்சா என்று கேட்டபோது அனுப்பியாச்சு என்றேன். நம்பர் சொல்லுங்க அத்தா என்றாய். டிராயரில் கிடந்த ஒரு பழைய கூரியர் ரசீதில் இருந்த நம்பரைப் படித்தேன். மறுநாள் நீ அதைப் பார்த்துவிட்டு, போன பெருநாளைக்குத் திருப்பூரில் யாரோ ஒருத்தர் கையெழுத்துப் போட்டு வாங்கியதாகக் காட்டுகிறது என்றாய். அவர்கள் வெப்சைட் அப்படித்தான் என்று சொன்னேன். திருப்பூரில் வாங்கியது உன் சித்தப்பா, நாம் அனுப்பிய கைலி.

வெள்ளிக்கிழமை காலையில் உன் அம்மா, பிள்ளைக்கு அனுப்பியாச்சா, ரசீது எங்கே என்று கேட்டாள். அவளிடம் பொய் சொன்னால் அவள் நம்புகிற மாதிரி நடந்துகொண்டு நாலு நாள் கழித்துக் கேட்பாள், அதற்கு நேரடியாகச் சொல்வதே மேல் என்று நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. மதுரை ஸ்டேஷனில் நீ ரயில் ஏறிப் போன பிறகு, படிக்கட்டு இறங்கும்போது நான் அவளிடம் ஒன்று சொன்னேனாம், அதைத் திருப்பிச் சொன்னாள். ஏதாவது ஒரு சர்டிபிகேட் குறைந்து அவளைத் திருப்பி அனுப்பிவிட்டால்கூட நல்லதுதான் என்று சொன்னேனாம். சொன்னேன். நினச்சது நடந்துருச்சுல்ல, இப்ப சந்தோசமா என்று கேட்டாள். அதுதான் அவள் கடைசியாக என்னிடம் பேசியது. நான் வேண்டுமென்றே செய்தேன் என்று அவள் நினைக்கிறாள். உன்னிடம் அவள் சொல்லாதது என்னைக் காப்பாற்ற இல்லை, நீ பரீட்சை நேரத்தில் பயந்துவிடுவாய் என்றுதான். ஜும்ஆவுக்கு முன்னால் கல்லூரிக்குப் போய் முனியராஜிடம் டூப்ளிகேட் கிடைக்குமா என்று கேட்டேன். போலீசில் தொலைந்ததாக எழுதி வாங்க வேண்டும், பத்திரம் எழுத வேண்டும், யுனிவர்சிட்டியிலிருந்து அனுமதி வர வேண்டும், ஒன்றரை மாதம் ஆகும் என்றார். எங்க தொலைச்சீக பாய் என்று கேட்டார். பேப்பருக்குள் என்றேன். ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்தால் தட்டுக்குப் பக்கத்தில் முதல் சீட்டு இருந்தது. பிள்ளையின் நோட்டு பீரோவில் இருக்கிறது, பார்க்கவும்.

சனிக்கிழமை காலையில் உன் நோட்டை எடுத்துக்கொண்டு விஸ்வநத்தம் போனேன். பட்டறையில் முப்பது சாக்குக்கு மேல் பிரித்த தாள் கிடந்தது, நம்முடையது, சாத்தூர்க்காரருடையது, எல்லாம் கலந்து. மாரிசாமி, என்ன புஸ்தகம் பாய், பேரச் சொல்லுங்க, தேடுவோம் என்றார். ரெண்டு கிலோ இருக்கும், சிவப்பு காலிகோத் துணி பைண்டிங், உள்ளே பழுத்த மேப்லித்தோ தாள் என்றேன். சுருட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அட்டையை எல்லாம் அன்றைக்கே கிழித்துத் தனியாகப் போட்டுவிடுவார்களாம், அதனால் நிறம் உதவாது, எடையும் உதவாது. உன் நோட்டைப் பிரித்தால் பெயர், எழுதியவர், வருஷம், பக்கம், கடைசியில் உயரம், இத்தனை சென்டிமீட்டர் என்று. தேடுகிறவனுக்கு முதலில் வேண்டியது நிறமும் கனமும், அதை எழுதுவதில்லை என்பது உங்கள் படிப்பில் பெரிய குறை, உங்கள் மேடத்திடம் சொல். ஜூன் மாதம் நீ ஸ்கேல் வைத்து ஒவ்வொரு புத்தகத்தையும் அளந்தபோது, புத்தகத்துக்கு என்ன சட்டையா தைக்கப் போகிறாய் என்று கேலி செய்தேன், ஞாபகம் இருக்கும். அங்கே சுருட்டுகிற பெண்களில் பாண்டிச்செல்வி என்று ஒரு அம்மா, நாற்பது நாற்பத்திரண்டு வயதிருக்கும். அவர்தான் கையை நிறுத்தாமலே, சர்டிபிகேட்ட மடிச்சு வச்சீகளா, மடிக்காமயா என்று கேட்டார். மடிக்காமல்தான் என்றேன். வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சா என்றார். இல்லை, முழுசாக உள்ளே போய்விட்டது என்றேன். அப்ப தாளவிட புஸ்தகம் பெருசுல்ல என்றார். தாளின் அளவு எனக்குத் தெரியாமல் இருக்குமா, டி.சி. அடித்திருப்பது ஃபுல்ஸ்கேப், முப்பத்து நான்கு சென்டிமீட்டர். உன் நோட்டில் இருநூற்றுப் பதினான்கு புத்தகத்தில் அதைவிட உயரமானது ஒன்றே ஒன்று. நம்பர் நூற்று முப்பத்தொன்று, முப்பத்தாறு சென்டிமீட்டர், பருத்தி வியாபாரிகள் சங்கம் ஒன்றின் ஆண்டறிக்கைகள், எட்டு வருஷத்தது சேர்த்து பைண்டு செய்தது. இதை நீ எதற்காக விற்கக் கூடாது என்று எடுத்து வைத்தாய் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனாலும் முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு புத்தகத்தின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.

பெயரைச் சொன்னதும் பாண்டிச்செல்வி எழுந்துவிட்டார். பருத்திக்காரகளா, வரிசையா உக்காந்து போட்டா எடுத்திருப்பாகளே, அந்த வழவழத் தாளெல்லாம் பசை புடிக்காம என் உசிர வாங்குச்சே என்றார். போட்டோ அடித்த ஆர்ட் பேப்பர் பசை பிடிக்காது, கெட்டித் தாள் சுற்றினால் விரிந்துகொள்ளும், இரண்டையும் கழித்துத் தனிச் சாக்கில் போட்டு, காலையில் பசை காய்ச்சுகிற அடுப்புக்கு எரிக்க வைத்துக்கொள்வார்களாம். அவர் சாக்கு பாதிக்கு மேல் காலியாக இருந்தது. இரண்டு வருஷத்து நிர்வாகக் குழுவினர் ஏற்கனவே பசைக்கு அடியில் எரிந்து போயிருந்தார்கள். நான் அங்கிருந்த பேப்பர்க் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் தன் தூக்குவாளியை நகர்த்தினார், அதற்கு அடியில் இருந்தது உன் டி.சி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையில் வந்ததாம், கெட்டித் தாளாக இருக்கிறதே என்று குழாய் சுருட்டுகிற கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாராம், அப்போது உன் பெயரும் முத்திரையும் தெரிந்ததாம். ஒரு பொம்பளப் புள்ள படிச்ச சர்டிபிகேட்டு, எப்படியும் தேடி வருவாகன்னு எடுத்து வச்சேன் என்றார். அந்த அம்மா சுருட்டுகிற ஒவ்வொரு தாளையும் படிப்பாராம், எந்தக் கதைக்கும் முதலும் தெரியாது முடிவும் தெரியாது, நடுவில் ஒரு பக்கம் தெரியும் என்றார். நான் விற்கிற தாளைப் படித்ததே இல்லை. படித்தால் விற்க முடியாது. அங்கேயே உட்கார்ந்து உன் டி.சி.யை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன், மாணவியின் நடத்தை மிக நன்று என்று இருக்கிறது, கல்லூரியை விட்டு விலகும் காரணம் உயர்கல்வி என்று இருக்கிறது. உங்க மக அங்கன என்ன படிக்குது என்று கேட்டார், சொன்னேன். எல்லாரும் ஒரு சிரிப்புச் சிரித்தார்கள். அம்புட்டுப் புஸ்தகத்தையும் எங்ககிட்ட வித்துப்புட்டு, புஸ்தகத்தக் காக்கிறதுக்கா மகளப் படிக்க வச்சிருக்கீக என்று மாரிசாமி கேட்டார். பாண்டிச்செல்வியின் மகள் சினேகா பன்னிரண்டாவது படிக்கிறாளாம், இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமா பாய் என்று கேட்டார். கண்டிப்பாகக் கிடைக்கும், ஸ்கூல், காலேஜ், கோர்ட்டு, ஆஸ்பத்திரி, எங்கே புத்தகம் இருக்கிறதோ அங்கெல்லாம் வேண்டும் என்று ஒரு பத்து நிமிஷம் பேசினேன். இதே கேள்வியை நான் உன்னிடம் நாற்பது தடவை கேட்டேன், நீ இதையே பதிலாகச் சொன்னாய், நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது பாண்டிச்செல்வி ஒன்று சொன்னார். புஸ்தகத்த வியாழக்கெழம மத்தியானத்துக்கு மேலதான பிரிச்சோம், காலையிலயே வந்திருந்தீகன்னா முழுசாவே தூக்கிட்டுப் போயிருக்கலாம்ல, இருநூறு புஸ்தகமும் தப்பிச்சிருக்கும், ஏன் பாய் ரெண்டு நாள் கழிச்சு வந்தீக என்றார். வேலை இருந்தது என்றேன்.

ஹாஃபிஸா, மேலே வியாழக்கிழமை பைக் பஞ்சர் என்று எழுதியிருக்கிறேன். அது பொய். அந்த இடத்தை அடித்துவிட்டு எழுதலாம், அடித்தால் தாள் பார்க்க நன்றாக இருக்காது என்று அப்படியே விட்டுவிட்டேன். பைக் நன்றாகத்தான் இருந்தது. பைக் இல்லாவிட்டாலும் ஆமத்தூர் விலக்கில் பத்து நிமிஷத்துக்கு ஒரு சிவகாசி பஸ் என்பது எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியும். ஒரு போன் போட்டிருந்தாலே மாரிசாமி மூட்டையை நிறுத்தி வைத்திருப்பார். நான் போடவில்லை. அன்றைக்குக் காலி ராக்கைப் பார்த்ததும் முதலில் செந்தூர்பாண்டிக்குப் போன் போட்டேன், அது உண்மை. அப்புறம் ஒரு டீ வாங்கி வந்து குடித்தேன். குடிக்கும்போது, நீ இரண்டாவது வாரம் அழுதது ஞாபகம் வந்தது. டி.சி. இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நீயும் அழாமல் வீட்டுக்கு வந்துவிடுவாய், யாரும் யாரையும் போகாதே என்று சொல்ல வேண்டியதில்லை, யார் மேலும் தப்பு இல்லை, லாரியில் ஏறிப் போய்விட்டது, அவ்வளவுதான் என்று தோன்றியது. தோன்றியதும் சந்தோஷமாக இருந்தது. பகல் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தேன், அசரும் அங்கேயே தொழுதேன். நீ போன் செய்தபோதுகூட அந்தச் சந்தோஷத்தில்தான் திருப்பூர் நம்பரைப் படித்தேன். வேண்டுமென்றே தொலைத்தேன் என்று உன் அம்மா நினைப்பது சரி இல்லை. வேண்டுமென்றே ஒரு நாள் தேடாமல் இருந்தேன் என்பதுதான் சரி. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக முதலில் நினைத்தேன். பாண்டிச்செல்வி கேட்ட பிறகு அப்படித் தோன்றவில்லை. நீ பொறுக்கி வைத்த இருநூற்றுப் பதினான்கு புத்தகம் வெடிக்குழாயாகப் போய்விட்டது, அது அந்த ஒரு நாளில் போனது. பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன்.

ஏன் உன்னைப் போக வேண்டாம் என்றேன் என்று ஒரு நாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. வேலை கிடைக்காது, தூரம், குளிர், ரொட்டி என்று ஏதேதோ சொன்னேன். உண்மை என்னவென்றால், காலையில் குடோனுக்குப் போகும்போது பைக்கின் பின்னால் நீ உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவாய், இப்போது யாரும் பேசுவதில்லை. அசாருதீன் வருகிற நாளில் அவன் போன் பார்க்கிறான். அவ்வளவுதான் காரணம். இதற்காக ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்த முடியாது என்பது எனக்கும் தெரிகிறது. போன புதன்கிழமை நீ அம்மாவிடம், ஒரு பழைய உருதுப் புத்தகத்துக்கு நீயே தனியாக நம்பர் கண்டுபிடித்ததாகவும் மேடம் அதைத் திருத்தாமல் அப்படியே எடுத்துக்கொண்டதாகவும் சொல்லிக்கொண்டிருந்தாய். உன் குரல் நன்றாக இருந்தது. நான் வாசலில் நின்று கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

டி.சி.யின் கோலத்தைச் சொல்லிவிடுகிறேன். கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றியதால் சுருண்டுகொள்ளும், ஐந்து நாள் எடைக்கல்லுக்கு அடியில் வைத்தும் முழுசாக நிமிரவில்லை, உங்கள் நூலகத்தில் கனமான புத்தகம் நிறைய இருக்கும், ஒரு ராத்திரி அடியில் வை, எந்தப் புத்தகம் என்று மட்டும் ஒரு தாளில் எழுதி வை. சுருட்டுவதற்கு முன்னால் பட்டறையில் ஓரம் வெட்டும்போது கீழே அரை இஞ்ச் போய்விட்டது, முதல்வர் கையெழுத்துக்குக் கீழே வெறும் இடம்தான், முத்திரையின் வால் மட்டும் போயிற்று. அதனால் முனியராஜ் முதல்வரிடம் கொண்டு போய், சரிபார்க்கப்பட்டது என்று எழுதிப் புது முத்திரை வைத்துக் கொடுத்தார், முதல்வர் வெளியூர் போயிருந்ததால் நேற்றுதான் கிடைத்தது, அதனால்தான் இத்தனை நாள். மேல் மூலையில் ஒரு விரல் அளவுக்குப் பசை. அதில் மயில்துத்தம் கலந்திருக்கும், பூச்சி அரிக்காது, நூலகத்துக்காரர்கள் சந்தோஷப்படலாம். ஐந்து ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன், நான்கு இடத்தில், எந்த இடமும் புத்தகத்துக்குள் இல்லை. நாளைக்குக் காலையில் ஸ்பீடு போஸ்ட், உண்மையான நம்பரை அசாருதீன் வாட்ஸ்அப்பில் அனுப்புவான். சாத்தூர் சேவும் பருப்புப் பொடியும் தனிப் பார்சலில் வருகிறது, மணிப்பூர்ப் பெண்ணுக்கும் கொடு, கருவாட்டோடு ஒரே பெட்டியில் வைக்காதே. புத்தகம் அடுக்கும்போது மூக்கை மூடிக்கொள், பழைய தாளின் தூசி என் நெஞ்சில் முப்பது வருஷமாக இருக்கிறது, அதை நீயும் வாங்கிக்கொள்ள வேண்டாம். குளிர் ஆரம்பிக்கும் முன்னால் கம்பளி வாங்கு. அழுகை வந்தால் அம்மாவிடம் அழு, என்னிடம் அழாதே, நான் உடனே வந்துவிடு என்று சொல்லிவிடுவேன்.

இப்போது ஒரு சீட்டு வந்திருக்கிறது. கவரை ஒட்ட வேண்டாம், படித்துவிட்டுத் தருகிறேன் என்று எழுதியிருக்கிறாள். அதனால் மேலே உள்ளது உன் அம்மாவுக்கும் சேர்த்துத்தான். இதைப் படித்த பிறகு பேசுவாளா, சீட்டு முப்பதைத் தாண்டுமா என்று தெரியவில்லை, எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

அல்லாஹ் உன் கல்வியில் பரக்கத் செய்வானாக. உன் கண்ணுக்கும் மூச்சுக்கும் சுகம் தருவானாக. மறக்காமல் ஒன்று செய். முப்பதாம் தேதி வரை வைத்திருக்காதே, கையில் கிடைத்த மறுநாளே ஆபீசுக்குப் போ. அங்கே வாங்கிக்கொண்டால் திருப்பித் தரமாட்டார்கள் என்று முனியராஜ் சொன்னதை மேலே எழுதியிருக்கிறேன். தெரிந்துதான் அனுப்புகிறேன். கொடுத்துவிடு.

வஸ்ஸலாம்.
உன் அத்தா,
மு. அலாவுதீன்,
பழைய பேப்பர் வியாபாரம், ஆமத்தூர்.